வெளியேயும் கதிர்வீச்சு, உள்ளேயும் கதிர்வீச்சு: அப்பா தாங்குவாரா?

கேள்வி: அப்பாவுக்கு 69 வயது. புராஸ்டேட் புற்றுநோய் சுரப்பியின் உறையைத் தாண்டிவிட்டது, எலும்புக்குப் பரவவில்லை. ரத்தத்தில் பார்க்கும் புராஸ்டேட் புரதமான பி.எஸ்.ஏ. 32, புற்றின் வீரியத்தைக் காட்டும் கிளீசன் மதிப்பெண் 8. வெளியிலிருந்து கதிர்வீச்சு கொடுத்துவிட்டு, உள்ளேயும் வைக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். உடம்பு தாங்குமா?

பதில்: 'இரண்டு' என்றதும் எல்லாமே இரண்டு மடங்கு என்று பயந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. அப்படியில்லை. உள்ளே வைப்பதாக இருந்தால் வெளிக்கதிர்வீச்சைக் குறைத்துவிடுவோம். அது சுரப்பியோடு சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். உள்ளே வைக்கும் கதிர்வீச்சான பிராக்கிதெரபி சுரப்பிக்குள்ளேயே வேலை செய்வதால், அங்கே மட்டும் கதிர்வீச்சின் அளவு கூடும். சற்றுத் தள்ளிப் போனாலே வீரியம் சட்டென்று இறங்கிவிடும்.

இதில் இரண்டு விதம். ஒன்றில், மயக்க மருந்து கொடுத்து ஊசிகளைச் செருகி, அவற்றின் வழியே இரிடியம் என்ற கதிரியக்கப் பொருளைச் சில நிமிடங்கள் அனுப்பித் திரும்ப எடுத்துவிடுவார்கள். இன்னொன்றில், அரிசிமணி அளவு கதிரியக்க அயோடின் விதைகள் உள்ளேயே தங்கிவிடும். 60 நாளைக்கு ஒருமுறை வீரியம் பாதியாகும். விதை வைத்தால் முதல் இரண்டு மாதமாவது பேரக்குழந்தைகளை மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டாம். தாத்தாக்களுக்கு இதுதான் பெரிய வருத்தம்!

கனடாவில் 398 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரு வருடம், ஆண் ஹார்மோனை அடக்கும் ஹார்மோன் சிகிச்சையும் உண்டு. 9 வருடம் கழித்து, விதையும் வைத்தவர்களில் 83 சதவீதம் பேருக்கு நோய் திரும்பவில்லை. வெளிக்கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 62 சதவீதம். ஆனால் ஆயுள் கூடியதாக நிரூபணமாகவில்லை. கடுமையான சிறுநீர்த் தொல்லையோ, 5 வருடத்துக்குள் முதல் பிரிவில் 18 சதவீதம் பேருக்கு வந்தது, மற்றதில் 5 சதவீதம்.

அதனால் நான் முதலில் கேட்பது வயதை அல்ல, அப்பாவுக்குச் சிறுநீர் எப்படிப் போகிறது என்பதை. இப்போதே முக்கி முக்கிப் போகிறாரா? இரவில் நாலைந்து முறை எழுந்திருக்கிறாரா? சுரப்பி ரொம்பப் பெரிதா? முன்பு அதைச் சுரண்டி எடுக்கும் அறுவை நடந்ததா? இதில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும், வெளிக்கதிர்வீச்சும் ஹார்மோனும் மட்டும் போதுமா என்று தயங்காமல் கேளுங்கள். சிறுநீர் ஓட்டத்தை அளக்கும் பரிசோதனையை முன்னதாகவே செய்துவிடலாம்.

அப்புறம் அந்த ஹார்மோன் ஊசி. கதிர்வீச்சு முடிந்ததும் 'இனி எதற்கு' என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அப்பாவின் நிலைக்குப் பொதுவாக ஒன்றரை வருடம் முதல் 3 வருடம் வரை அது தேவைப்படும். ஊசி போடும் காலத்தில் எலும்பின் வலுவையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.