வீட்டில் அவசரகாலப் பை வைத்திருப்பது உண்மையில் பயன் தருமா?

பயன் தரும். ஆனால், ஆபத்து நேரத்தில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய பொருட்களைப் பையில் கட்டி அலுமாரிக்கு மேல் வைத்ததோடு ஆயத்தம் முடிந்தது என்று நம்பி ஏழு ஆண்டுகள் ஏமாந்திருந்த வீட்டைச் சேர்ந்தவள் நான் என்பதால், சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. இப்படிப் பை கட்டி வைப்பதைப் பார்த்து வீட்டார் சிரிக்கிறார்கள் என்று கேள்வியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நீங்கள் கரையிலிருந்து தள்ளி வசிப்பவராக இருக்கக்கூடும். எங்கள் ஒழுங்கையில் இதற்கு எவரும் சிரிப்பதில்லை.

எங்கள் வீடு மட்டக்களப்பின் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று காலை 6.58 மணிக்குச் சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது. சுனாமி அலை எங்கள் கரையை அடைய ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தும், அதைச் சொல்வதற்கு ஒருவரும் இருக்கவில்லை. நாங்கள் தப்பினோம், வீட்டில் இருந்த பத்திரங்கள் தப்பவில்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியைக் கேட்டுப் போன அலுவலகத்தில், தேடி எடுப்பதற்குப் பதிவு இலக்கம் வேண்டும் என்றார்கள். இலக்கமோ கடலோடு போன பத்திரத்தில் இருந்தது. காணி உறுதிக்காக அலைந்த கதையை எழுதினால் இந்தப் பதில் முடியாது. அந்த அலைச்சலின் பிறகுதான் பை கட்டினோம்.

2012 ஏப்ரல் 11, சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாட்கள் இருந்தன. பிற்பகல் 2.08க்கு மீண்டும் சுமாத்திராப் பக்கம் 8.6 அளவில் நிலநடுக்கம். கரையோரத்தார் உடனே வெளியேற வேண்டும் என்ற அறிவித்தல் வந்தது. அண்ணன் பிள்ளைகளையும் அண்ணியையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். நான் பையோடு பக்கத்து வீட்டாரின் ஓட்டோவில் ஏறினேன். அப்போது புதிய பாலம் திறக்கப்பட்டிருக்கவில்லை. ஒடுங்கிய பழைய கல்லடிப் பாலத்தடியில் வாகனங்கள் நெருங்கி நின்றன. நகரத்துப் பாடசாலை ஒன்றில் இருவரும் சந்தித்தபோது, ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் கேட்டோம்: "அம்மா எங்கே?"

அம்மா அடுத்த ஒழுங்கையில் சின்னம்மா வீட்டில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தவர். நான் கூட்டிவருவேன் என்று அண்ணனும், அவர் கூட்டிச் சென்றிருப்பார் என்று நானும் நினைத்திருக்கிறோம். தொலைபேசி இணைப்புக் கிடைக்கவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்குப் பின்னர், முன்பின் தெரியாத ஒரு தம்பியின் சைக்கிளில், எண்ணெய்க் கையோடு வந்து இறங்கினார். அதற்குள் 8.2 அளவில் இரண்டாவது நிலநடுக்கமும் நிகழ்ந்திருந்தது.

பையைத் திறந்தோம். ரோச் லைற்றில் பற்றரி இல்லை, பிள்ளைகளின் விளையாட்டுக் காருக்குப் போயிருந்தது. மாத்திரைகள் காலாவதியாகி இருந்தன. கிளினிக் கொப்பி பழையது. அம்மாவுக்கு அன்றாடம் ஏற்ற வேண்டிய இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியிலேயே இருந்தது. அதைப் பையில் கட்டி வைக்க முடியாது என்பது அன்றுவரை எங்களுக்கு உறைக்கவில்லை. மூக்குக் கண்ணாடியும் அப்படித்தான்.

அன்று பெரிய அலை வரவில்லையே, ஓடியது வீண்தானே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அன்றைய அதிர்வில் நிலத்தட்டுகள் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்ததால் கடல்நீர் பெருமளவில் உயரவில்லை. இதைக் கரையில் நின்று கணிக்க எவராலும் முடியாது. நான் அனர்த்த முகாமைத்துவம் படித்தவள் அல்லள். எங்கள் வீட்டில் பிழையாய்ப் போனதை மட்டுமே சொல்கிறேன்.

இப்போது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். கடைசி நேரத்தில் எடுக்க வேண்டியவை, யார் யாரைக் கூட்டிச் செல்வது, எங்கே சந்திப்பது, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் ஆகியவை அதில் உள்ளன. அம்மா என் பொறுப்பு. நான் வீட்டில் இல்லாவிட்டால் சின்னம்மாவின் மகன். பத்திரங்களின் பிரதிகள் உள்ளூரில் இல்லாத உறவினர் ஒருவரிடம் இருக்கின்றன. மாரி தொடங்கும் முன், ஐப்பசியில், பையைக் கொட்டிப் பார்த்துப் பற்றரியையும் மருந்தையும் மாற்றுகிறோம்.

நீங்கள் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கத்தவர் என்றால் கதை வேறு. அங்கே ஆபத்து வெள்ளம். குளங்களின் வான்கதவுகள் திறக்கப்பட்டுப் பாதைகள் மூழ்கினால், 2011 ஜனவரியில் போல, ஓடுவதைவிட ஒதுங்கி இருந்து சமாளிப்பதே பெரும்பாடு. கிணற்றில் வெள்ளம் கலந்துவிடும் என்பதால், அரிசி பருப்போடு மூடிய கலன்களில் குடிநீரும் சில நாட்களுக்கு வேண்டும், காணி உறுதிகள் உயரத்தில் இருக்க வேண்டும். தோளில் தொங்கும் பை அங்கே இரண்டாம் பட்சம்.

சிரிக்கும் வீட்டாரிடம் பையைப் பற்றி வாதாட வேண்டாம். நாளைக்கே அறிவித்தல் வந்தால் உங்கள் வீட்டு முதியவரை யார் கூட்டிச் செல்வது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள்.