ஏழு கண்டமும் ஒரு பிரிஸ்டல் போர்டும்

வணக்கம். எட்டாந் தரத்தில் படிக்கும் மகளுக்குக் கண்காட்சி வேலை. ஏழு கண்டங்களையும் வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கலாசாரப் படம் ஒட்ட வேண்டுமாம். இணையத்தில் ஐந்து, ஆறு என்றும் கிடக்கிறது. எது சரி? எந்தப் படத்தைப் பார்த்து வரையலாம்?
— ஒரு தாய், வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

கேட்டது ஏழு என்றால் ஏழே போடட்டும். ரஷ்யாவில் ஐரோப்பாவையும் ஆசியாவையும் சேர்த்து ஆறு என்பார்கள். ஒலிம்பிக் வளையங்கள் ஐந்து: இரு அமெரிக்காவும் ஒன்று, அந்தாட்டிக்கா இல்லை. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே யூரல் மலையில் கோடு கிழித்தது மனிதர்தானே.

எண்ணிக்கையைவிடப் படம்தான் முக்கியம். மெர்கேட்டர் என்ற நீள்சதுர உலகப் படத்தைப் பார்த்து வரைய வேண்டாம். 1569இல் கப்பலோட்டிகளுக்காக வந்தது அது. திசை சரியாக இருக்கும், பரப்பு பிழையாகிவிடும். அதில் கிரீன்லாந்து ஆபிரிக்காவோடு போட்டி போடும். உண்மையில் ஆபிரிக்கா அதைப்போல் 14 மடங்கு.

மொல்வைட் என்ற முட்டை வடிவப் படத்தை எடுங்கள். பரப்பு மாறாது, அகலம் உயரத்தின் சரியாக இரண்டு மடங்கு. 24 சென்ரிமீற்றர் அகலத்தில் அச்செடுத்தால் ஏ4 தாளில் அடங்கும். அதன்மேல் 1 சென்ரிமீற்றர்க் கட்டங்கள். போர்டில் 24க்கு 12 அங்குலத்தில் 1 அங்குலக் கட்டங்கள். கட்டத்துக்குக் கட்டம் பார்த்துக் கரையை வரையட்டும். பென்சிலை அழுத்தினால் அழிறப்பருக்குப் போகாது, பள்ளம் நின்றுவிடும்.

பிழை பார்க்க எளிய வழி உண்டு. இந்த அளவில் ஒரு கட்டம் ஏறத்தாழ 22.5 இலட்சம் சதுர கிலோமீற்றர். ஆபிரிக்கா பதின்மூன்றரைக் கட்டம், தென் அமெரிக்கா எட்டு, ஐரோப்பா நாலரை, கிரீன்லாந்து ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. எண்ணிப் பார்த்தால் தவறு எங்கே என்று தெரிந்துவிடும். இலங்கையை நடுவில் வைக்க ஆசை வரும். வைத்தால் வட அமெரிக்கா இரண்டாகப் பிளந்து இரு ஓரத்திலும் நிற்கும்.

கண்டத்துக்கு ஒரு படம் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. நைஜீரியாவில் மட்டும் 500க்கு மேற்பட்ட மொழிகள், பப்புவா நியூகினியில் 800க்கு மேல். ஒரு முகமூடியும் ஒரு கங்காருவும் இதற்கு ஈடாகுமா? (அந்தாட்டிக்காவில் பூர்வகுடிகளே இல்லை. பென்குயின் கலாசாரம் ஆகாது.) மடகஸ்கார் ஆபிரிக்காவில் இருக்கிறது, அங்கே பேசும் மலகாசி மொழிக்கு நெருங்கிய சொந்தம் ஆசியாவின் போர்னியோ தீவில்.

ஆகவே படங்களோடு நூலும் கட்டட்டும். லிஸ்பனிலிருந்து இலங்கைக்கு ஒரு நூல், போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொற்களுக்கு: பாண், சப்பாத்து, கதிரை, அலுமாரி. அம்ஸ்டர்டாமிலிருந்து இன்னொரு நூல், ஒல்லாந்த மொழியிலிருந்து வந்த சொற்களுக்கு: கந்தோர், கக்கூசு. (கடைசிச் சொல்லை எழுதுவதா என்று ஆசிரியையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) ஜாவாவிலிருந்து கொம்பனித்தெரு மலாய்க் குடும்பங்களுக்கு ஒன்று. ஆபிரிக்காவிலிருந்து புத்தளத்துச் சிரம்பியடிக்கு இன்னொன்று. அங்குள்ள காப்பிரி மக்களின் மஞ்ஞா ஆட்டம் அந்த வழியில் வந்தது.

இந்தப் படத்தில் இலங்கை கால் அங்குலம், ஒரு பருப்பளவு. நாலு ஊசி குத்தினால் தீவே கிழிந்துவிடும். ஒரே ஊசி குத்தி எல்லா நூலையும் அதில் சுற்றுங்கள். போர்டின் பின்னால் ரெஜிபோம் ஒட்டினால் ஊசி ஆடாது. நூலை இழுத்துக் கட்ட வேண்டாம், போர்டு வளையும்.