சூளைக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி: யாரைப் பேசவிடுவது?

கேள்வி: திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளையில் இருக்கும் ஒடிசா குடும்பங்களிடம் எங்கள் மகளிர் குழு மூன்று முறை போய்ப் பேசியது. குழந்தைக்கு ஊசி போட யாரும் வரவில்லை. பலரிடம் தடுப்பூசி அட்டையும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: நான்காம் முறை நீங்கள் பேசாதீர்கள். அதே சூளையில், தன் குழந்தைக்கு ஊசி போட்டு முடித்த ஓர் ஒடியாத் தாய் இருப்பார். அவரைப் பேசவிடுங்கள், நீங்கள் கூட இருந்தால் போதும். ஆள் தேட, சூளைக்கு ஆட்களைக் கூட்டிவரும் மேஸ்திரியிடம் மட்டும் போகாதீர்கள். அவரிடம் முன்பணம் வாங்கி வந்தவர்கள், அவர் வீட்டார் சொன்னால் தலையாட்டுவார்கள். ஊசியன்று குடிசை பூட்டியிருக்கும். ஆதார் இல்லாவிட்டால் ஊசி கிடையாது, அட்டை எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரையும் நம்பவேண்டாம். ஊசியும் இலவசம், அட்டையும் இலவசம். ஆதார் இல்லை என்று குழந்தையைத் திருப்பி அனுப்பக்கூடாது.

ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவரை, புதன்கிழமை வேலை நேரத்தில் அங்கன்வாடிக்கு வரச்சொன்னால் எப்படி வருவார்? கல் அறுத்து முடிக்கும் நேரத்தைக் கேட்டு, கிராம சுகாதார செவிலியரைச் சூளைக்கே வரச்சொல்லுங்கள். வருடா வருடம் இதே குடும்பங்கள் வருவது தெரிந்தும், முகாம் பட்டியலில் சூளையைச் சேர்க்க ஒருவர் போய்க் கெஞ்ச வேண்டியிருப்பது பொறுக்கக்கூடியதல்ல.

காய்ச்சலை மறைக்காதீர்கள். ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி போட்டால் ஓரிரு நாள் காய்ச்சலும் தொடை வீக்கமும் வரலாம். முன்கூட்டியே சொல்லாவிட்டால் அடுத்த தவணைக்கு அந்தத் தாய் வரமாட்டார். பாராசிட்டமால் அளவைச் செவிலியரே சொல்லட்டும். ஊசிக்குப் பின் அரை மணி நேரம் அங்கேயே இருக்கவேண்டும்.

தவணை தவறியிருந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரு வயதுக்குள் ஒரு தவணை பென்டாவேலன்டாவது போட்டிருந்தால், மீதியையும் பென்டாவேலன்டாகவே முடிக்கலாம். ஒன்றுகூடப் போடாமல் ஒரு வயது தாண்டியிருந்தால் அது கிடையாது. அதற்குப் பதில் முத்தடுப்பு ஊசி (டிபிடி), குறைந்தது நான்கு வார இடைவெளியில் மூன்று தவணை. இதில்தான் குழம்பிப்போய், 'வயசு தாண்டிடுச்சு' என்று குழந்தையைத் திருப்பி அனுப்புகிறார்கள். அப்படிச் சொன்னால் மருத்துவ அலுவலரைப் பாருங்கள். முத்தடுப்பு ஊசியை ஏழு வயது வரை போடலாம்.

புது அட்டையை முகாமிலேயே எழுதி வாங்குங்கள். இரண்டு பக்கத்தையும் தாயின் கைபேசியில் படம் எடுத்துவையுங்கள். சூளை முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது அட்டை அவர் பையில்தான் இருக்கவேண்டும், மேஸ்திரியிடம் அல்ல.