சைக்கிளை விடுங்க, நிலத்தைப் பத்தி கேளுங்க

கேள்வி: ஆந்திரா கம்யூனிஸ்ட் தலைவர் சுந்தரய்யா பெரிய நிலக்காரர் வீட்டுப் பிள்ளையாமே, பார்லிமென்டுக்கு சைக்கிள்லதான் போவாராம். இப்ப அப்படி எளிமையான தலைவர் யாரு இருக்கா?

பதில்: திரும்பவும் சைக்கிளா! மே 19, அவர் நினைவு நாள் வந்துட்டா போதும், ஆளாளுக்கு எளிமை எளிமைன்னு எழுதித் தள்ளுறாங்க, எனக்கு பத்திக்கிட்டு வருது. 1952ல ராஜ்யசபா எம்பி ஆனவரு சைக்கிள்ல போனது உண்மைதான். ஆனா ஒரே வேட்டிய துவைச்சு துவைச்சு கட்டிக்கிட்டு குத்தகைக்காரன் வயித்துல அடிச்ச பண்ணையாருங்களும் இருந்தாங்கல்ல, அவங்களும் எளிமைதான். எளிமையைப் பார்த்து எவனும் பயப்படமாட்டான், அதனாலதான் எல்லா கட்சிக்காரனும் அதை மட்டும் புகழுறான்.

அந்த மனுஷன் செஞ்சது வேற. நெல்லூர் பக்கம் அலகானிபாடுல 1913ல பொறந்த சுந்தரராமி ரெட்டி, லயோலால படிச்சுக்கிட்டு இருந்தவரு, 1930ல படிப்பை விட்டுட்டு சத்தியாக்கிரகம் ஜெயில்னு போனாரு. பேர்ல இருந்த ரெட்டியை தூக்கிப் போட்டாரு, பங்கா வந்த சொத்தை கட்சிக்கு குடுத்தாரு, அவரும் மனைவி லீலாவும் குழந்தையே வேணாம்னு முடிவு பண்ணாங்க. அதோட நிக்கல, பொறந்த வர்க்கத்து மேலயே கைய வச்சாரு பாருங்க, அதுதான் பெருசு.

தெலங்கானால தேஷ்முக், அதாவது ஊரையே ஆட்டிவச்ச பெரிய நிலக்காரர், வண்டி கட்டிக்கிட்டு கெளம்பினா, கூலி இல்லாம கட்டாய வேலை செய்யற ஆளுங்க வண்டிக்கு முன்னாடியும் பின்னாடியும் ஓடணும். செருப்பு தைக்கிறவரு காசு வாங்காம செருப்பு தரணும், ஆடு மேய்க்கிறவரு ஆடு தரணும். இதுக்கு எதிரா 1946லேர்ந்து 1951 வரைக்கும் நடந்த போராட்டத்துக்கு தலைமை தாங்கினவங்கள்ல இவரும் ஒருத்தர். சுமார் 3,000 கிராமத்துல 10 லட்சம் ஏக்கர் நிலம் பிரிச்சுக் குடுத்தாங்க, 4,000 பேர் உயிர் போச்சு, அவரே புத்தகமா எழுதி வச்ச கணக்கு இது. அந்த 4,000 பேரை விட்டுட்டு ஒரு சைக்கிளுக்கு மாலை போடுறது அநியாயம்ங்க.

இன்னொன்னும் யாரும் பேசமாட்டாங்க. எமர்ஜென்சி காலத்துல, கட்சி போற பாதை சரியில்லன்னு பொதுச்செயலாளர் பதவியையே வேணாம்னு எழுதிக் குடுத்தவரு. இன்னைக்கு ஒரு வட்டச் செயலாளர் பதவிய விடச் சொல்லிப் பாருங்க!

இப்ப யாரு இருக்கான்னு கேக்குறீங்க. எவன் சைக்கிள்ல போறான்னு நான் தேடப்போறதில்ல. நில உச்சவரம்பு சட்டம் வந்தும் பெரிய பண்ணைங்க எப்படி தப்பிச்சுதுன்னு அடுத்த தடவை கேளுங்க, மத்த கேள்விய எல்லாம் தள்ளி வச்சுட்டு பதில் எழுதுறேன்.