சாம்பல் பெய்யும் ஊர் – கடிதமும் பதிலும்

அக்காவுக்கு வணக்கம்.

திகில் படங்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதிய கட்டுரையில் 'சைலன்ட் ஹில்' (2006) படத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். "ஊரைக் காட்டத் தெரிந்தவர்களுக்குக் கதை சொல்லத் தெரியவில்லை." சிங்கப்பூர் ஈசூனில் நண்பன் வீட்டில், அவன் அம்மா தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்து, அந்தப் படத்துக்கு மூலமான வீடியோ கேமை விளையாடி வளர்ந்தவன் நான். மனசு கேட்கவில்லை.

கேமிலிருந்து எடுத்த படங்களில் கேமை மதித்து எடுத்த படம் என்றால் எனக்கு அதுதான். இயக்குநர் கிறிஸ்டோஃப் கான்ஸ் எங்களைப் போல ஒரு ரசிகர். கேமுக்கு இசையமைத்த அகிரா யமாவோக்காவின் அதே இசை. அதே தெருக்கள். பிரமிட் வடிவத் தலையோடு திரியும் அரக்கன் பிரமிட் ஹெட் திரையில் வந்தபோது நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம். அமெரிக்கத் திரைவிமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒன்றரை நட்சத்திரம் கொடுத்தார். படம் புரியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். புரியாதவர்கள் எதற்கு விமர்சிக்க வேண்டும்? கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த கேமை நீங்கள் ஒருமுறையாவது விளையாடியிருக்கிறீர்களா?

அன்புடன்,
ஈசூன் வாசகன்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வரும்வரை விளையாடியதில்லை. கேட்டது நியாயமாகப் பட்டதால், அந்த சனிக்கிழமையே ஜூரோங் வெஸ்ட்டில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். தேசிய சேவையிலிருந்து வார இறுதிக்கு வந்திருந்த அவர் மகனிடம் அந்த கேமின் இரண்டாம் பாகத்தின் 2024 மறுவடிவம் இருந்தது. "அத்தை, உங்களுக்கு இது வேண்டாம்" என்றுதான் கருவியைக் கையில் கொடுத்தான்.

ஜேம்ஸ் என்பவன் பொதுக் கழிப்பறைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இறந்துபோன மனைவியிடமிருந்து அவனுக்குக் கடிதம் வந்திருக்கிறது. வெளியே வந்தால் ஊருக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதை. இறங்குகிறேன், இறங்குகிறேன், பாதை முடிகிற வழியாக இல்லை. ஒன்றும் வரவில்லை, ஒருவரும் இல்லை. ஆனால் நடப்பது அவன் இல்லையே, என் கட்டைவிரல் அல்லவா? விரலை எடுத்தால் அவன் நின்றுவிடுகிறான். நின்றால் மூடுபனிக்குள் ஏதோ மூச்சுவிடுவதுபோல இருக்கிறது, மறுபடி அழுத்த வேண்டியிருக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் நான் கடந்தது இரண்டு கதவு. "திறந்தால்தான் கதை நகரும், அத்தை" என்று பின்னாலிருந்து அவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஆக, விளையாடாமல் எழுதியது என் பிழைதான். எது பயமுறுத்துகிறது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அங்கே பயம் வருவது கதவுக்குப் பின்னால் இருப்பதிலிருந்து அல்ல, அதைத் திறக்கப்போவது நாம்தான் என்பதிலிருந்து.

ஆனால் தம்பி, இதை ஒப்புக்கொண்டதுமே உங்கள் வாதம் எனக்கு இன்னும் பலவீனமாகத் தெரிகிறது. திரையரங்கில் கதவைத் திறப்பவர், மகளைத் தேடும் ரோஸாக நடித்த ராதா மிட்செல். நாம் சோளப்பொரி தின்றுகொண்டிருக்கிறோம். தெருவையும் கோணத்தையும் இசையையும் அப்படியே கொண்டுவந்துவிடலாம், கட்டைவிரலைக் கொண்டுவர முடியாது. அதனால் 'கேமில் இருப்பது போலவே எடுத்திருக்கிறார்' என்பதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள எனக்கு முடியவில்லை.

தவிர, அந்தப் படத்தின் நல்ல இடங்கள் பலவும் கேமில் இல்லாதவை. 1999இல் வந்த முதல் விளையாட்டில் பெய்தது பருவம் தப்பிய பனி. மூடுபனியும் முதலில் அழகுக்காக வந்தது அல்ல. அன்றைய பிளேஸ்டேஷனால் தொலைவில் உள்ள தெருவைச் சேர்த்து வரைய முடியவில்லை, அந்தக் குறையைப் போர்த்தி மறைக்க மூடுபனியைப் போட்டார்கள். படத்தில் பெய்வது சாம்பல். திரைக்கதை எழுதிய ரோஜர் ஏவரி அதைப் பென்சில்வேனியாவின் சென்ட்ரேலியா என்ற ஊரிலிருந்து எடுத்தார். அங்கே 1962இல் நிலக்கரிச் சுரங்கத்தில் பிடித்த தீ இன்னும் மண்ணுக்கடியில் எரிகிறது. ஆயிரம் பேருக்கு மேல் இருந்த ஊரில் இன்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே மிச்சம். 2002இல் அஞ்சல் குறியீட்டையும் எடுத்துவிட்டார்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு மூடுபனி தெரியாது. புகைமூட்டம் தெரியும். 2013 ஜூன் 21 அன்று காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டதே, அன்று எங்கள் புளோக்கின் ஒன்பதாவது மாடியிலிருந்து பார்த்தபோது எதிர் புளோக் இல்லை. நடுப்பகலில் சூரியன் பழைய ஐம்பது காசு மாதிரி தொங்கியது. தாழ்வாரக் கம்பியைத் துடைத்தால் துணியில் கறுப்பு. இந்தப் படத்தின் முதல் பாதியை இரண்டாம் முறை பார்த்தது அதற்குப் பிறகுதான். முதல் முறை ஓவியம்போலத் தெரிந்த ஊர் அந்தமுறை மூக்கில் ஏறியது.

சைரனும் அப்படித்தான். அது கேமிலேயே உண்டு, ஆனால் படம் அதற்கு ஒரு வேலை கொடுத்தது. ஒலித்ததும் ஊரே தேவாலயத்துக்கு ஓடுகிறது, பிறகு சுவரெல்லாம் தோல் உரிகிறது. 1942இல் சிங்கப்பூர் சரணடைந்த நாளை நினைவூட்டி ஆண்டுதோறும் பிப்ரவரி 15 மாலை 6.20க்கு இங்கேயும் ஒலிக்கிறது. கோப்பிக்கடையில் யாரும் ஓடுவதில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு 'ஓ, இன்றைக்கா' என்று மீ கோரெங்கைத் தொடர்கிறோம். நானும் அப்படித் தொடர்ந்தவள்தான். படத்தைப் பார்த்த பிறகு ஓரிரு ஆண்டுகள் முட்கரண்டியைக் கொஞ்சம் கீழே வைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருத்துவமனை அடித்தளத்துச் செவிலியர் காட்சி. கணினியில் வரைந்துவிட்டுப் போயிருக்கலாம், ஆட்டக்காரர்களை ஆட வைத்தார்கள். நடன அமைப்பாளர் ராபர்டோ காம்பனெல்லாதான் பிரமிட் ஹெட்டாகவும் நடந்தவர். வெளிச்சம் பட்டதும் அந்த உடல்கள் மூட்டு மூட்டாக விழித்துக்கொள்வதைப் பாருங்கள். ஆட்டம் படித்த உடம்பால் மட்டுமே முடியும்.

பிரமிட் ஹெட்டுக்கு வருகிறேன். உங்கள் கைதட்டலைக் கெடுப்பதற்கு மன்னியுங்கள். அவன் 2001இல் வந்த இரண்டாம் பாகத்துக்காரன். ஜேம்ஸின் குற்றவுணர்வுக்குக் கையும் காலும் கத்தியும் முளைத்தால் அவன். படத்தில் ஜேம்ஸே இல்லை. யாருடைய குற்றத்துக்காக அவன் அந்தப் பெரிய கத்தியை இழுத்துக்கொண்டு திரிகிறான்? வேறு ஊர்க் கருப்பசாமியை அரிவாளோடு பெயர்த்துவந்து நம் ஊர் எல்லையில் நட்டதுபோல இருக்கிறது. மீசை மிரட்டலாகத்தான் இருக்கிறது. எந்த வாக்குக்குக் காவல் நிற்கிறார் என்றுதான் தெரியவில்லை. கேமை மதித்த படம் என்கிறீர்கள், எனக்கென்னவோ அது கேமை மிக அவமதித்த இடம் இதுதான்.

ஈபர்ட் விஷயம். விளையாட்டுகள் கலையாகாது என்று அவர் சொல்லிவந்ததில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் அந்த விமர்சனத்தில், படம் முடிந்து மின்படிக்கட்டில் இறங்கும்போது ஏழெட்டுப் பேர் அவரிடமே விளக்கம் கேட்டதாக எழுதியிருந்தார். நான் அந்த ஏழெட்டுப் பேர் பக்கம். ஏனென்றால் படம் விளக்காமல் விட்டதால் அவர்களுக்குப் புரியாமல் போகவில்லை. கடைசிக் கட்டத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு குரல் நடந்த கதை முழுவதையும் ஒப்பிக்கிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் முதலிலேயே வந்து கதையைச் சொல்லிவிடுவான், பிறகு ஆட்டத்தைப் பார்ப்போம். இங்கே இரவெல்லாம் ஆடிவிட்டு விடிகாலையில் வருகிறான். விளையாட்டில் அந்தக் கதையைக் கிழிந்த காகிதத்திலும் பூட்டிய அறையிலும் நீங்களே பொறுக்கிச் சேர்த்தீர்கள். அங்கே புரிதலும் உங்கள் கட்டைவிரல் வழியாகவே வந்தது.

நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றை உங்கள் கட்சிக்காக நான் சொல்கிறேன். முதல் விளையாட்டில் மகளைத் தேடுபவன் ஹேரி மேசன், ஒரு தகப்பன் (எழுத்தாளன் வேறு, பாவம்). கான்ஸ் அவனைத் தாயாக்கினார். படத்தில் ஆண்களே இல்லையே என்று தயாரிப்புத் தரப்பு முணுமுணுத்ததால் ஷான் பீன் நடித்த கணவன் பாத்திரம் பிறகு சேர்ந்தது. இப்படி ஒட்டவைத்த பாத்திரத்தால்தான் படத்தின் ஆகச்சிறந்த முடிவு கிடைத்தது என்பது வேடிக்கை. ரோஸ் மகளோடு வீடு திரும்புகிறாள். வீட்டுக்குள்ளும் மூடுபனி. அதே வீட்டில் அதே நேரம் மழை பெய்கிறது, கணவன் கண்ணயர்ந்திருக்கிறான். விழித்து எழுந்து பார்க்கிறான், கதவு திறந்திருக்கிறது, ஒருவரும் இல்லை. விளையாட்டில் இந்த முடிவு கிடையாது. படத்தின் அந்த முடிவில் யாரும் யாருக்கும் எதையும் விளக்குவதுமில்லை.

"கதை சொல்லத் தெரியவில்லை" என்ற என் வரியை, அந்த முடிவுக்காகத் திருத்திவிடுகிறேன். விளக்கம் சொல்லும் அந்தக் குரலைப் பற்றிய குறையை எடுக்கமாட்டேன்.

அண்ணன் மகன் என் விளையாட்டைச் சேமித்து வைத்திருக்கிறான். அடுத்த சனிக்கிழமை முகாமிலிருந்து வருகிறான். மூன்றாவது கதவு மூடியபடியே நிற்கிறது.

அன்புடன்,
அக்கா