95 சதவீதம் என்று சொல்லி விற்கப்படும் கன்வர்ட்டர்

கேள்வி: என் பட்டறையில் ஒருமுனை மின் இணைப்புதான். 5 எச்.பி. மும்முனை மோட்டார் உள்ள பழைய லேத் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஒருமுனை மின்சாரத்தை மும்முனையாக்கித் தரும் ரோட்டரி பேஸ் கன்வர்ட்டர் விற்பவர் '95 சதவீதம் எஃபிஷியன்சி' என்கிறார். ஆனால் லோடே இல்லாமல் ஓடும்போது கிளாம்ப் மீட்டர் 12 ஆம்பியர் காட்டியது. எதை நம்புவது?

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் இரண்டில் எதை வைத்தும் உங்கள் பில்லைக் கணக்கிட முடியாது.

12 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கி, 2,760 வாட் என்று பயப்படாதீர்கள். கன்வர்ட்டருக்குள் இருப்பது, தண்டில் வேலை ஏதும் இல்லாமல் சுற்றும் ஒரு மும்முனை மோட்டார். அது இழுக்கும் கரண்டில் பெரும்பகுதி காந்தப்புலத்துக்காகப் போய்த் திரும்பி வருவது. பவர் ஃபாக்டர் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையில் செலவாகும் பங்கு) 0.15 என்று வைத்துக்கொண்டால், உண்மையில் செலவாவது சுமார் 400 வாட். யூனிட் மீட்டர் பதிவது இதைத்தான். சரியான கப்பாசிட்டர் சேர்த்தால் ஆம்பியர் நன்றாக இறங்கும், ஒயரும் சூடாகாது. ஆனால் யூனிட் அந்த அளவுக்கு இறங்காது. 'கரண்ட் பாதியானால் பில்லும் பாதி' என்ற பேச்சை ஏற்க வேண்டாம்.

அடுத்தது 95 சதவீதம். மூன்று முனைகளில் இரண்டு லைனிலிருந்து நேராகவே லேத்துக்குப் போகின்றன. மூன்றாவதை மட்டும்தான் கன்வர்ட்டர் உண்டாக்குகிறது. அதனால் முழு லோடில் இழப்பு குறைவுதான். ஆனால் லேத் எப்போது முழு லோடில் ஓடுகிறது? ஜாப் கட்டுவதும், டூல் மாற்றுவதும், அளந்து பார்ப்பதுமாகத்தான் நேரம் போகும். நாளுக்கு 8 மணி நேரம் கன்வர்ட்டர் ஓடி, அதில் 1 மணி நேரம் மட்டும் லேத் 2 கிலோவாட் இழுக்கிறது என்று வையுங்கள். லேத்துக்குப் போனது 2 யூனிட். கன்வர்ட்டர் சும்மா சுற்றித் தின்றது மட்டும் 3.2 யூனிட். 95 சதவீதம் எங்கே போயிற்று?

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது சதவீதத்தை அல்ல, லோடு இல்லாதபோது எத்தனை வாட் என்பதை. வாட் மீட்டர் வைத்து உங்கள் கண்முன் அளந்து காட்டச் சொல்லுங்கள். 'இருக்கட்டும், பெரிதாகவே எடுங்கள்' என்றால் சம்மதிக்காதீர்கள். பெரிய மோட்டார் சும்மா ஓடும்போதும் அதிகம் தின்னும். கம்ப்ரசர் போல லோடோடு கிளம்பும் மெஷினுக்குத்தான் ஒரு படி பெரியது தேவை. வேலை நின்றால் கன்வர்ட்டரையும் நிறுத்திவிடுங்கள்.

லேத் ஒன்று மட்டும்தான் என்றால், ஒருமுனை இன்புட்டுக்கு ஏற்ற வி.எஃப்.டி.யையே (எலக்ட்ரானிக் முறையில் மும்முனை மின்சாரம் தந்து மோட்டாரை ஓட்டும் கருவி) நான் சொல்வேன். சும்மா இருக்கும்போது மிகக் குறைவாகவே இழுக்கும், வேகத்தையும் மாற்றலாம். பல மெஷின்களை மாற்றி மாற்றி ஓட்டும் பட்டறைக்கு ரோட்டரி வசதி, ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும்.

கேள்வி: வாங்கிய பிறகு எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: லேத் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மூன்று முனைகளுக்கு இடையிலான வோல்டேஜையும் அளந்து பாருங்கள். மோட்டாரின் கூடுதல் சூடு, வோல்டேஜ் ஏற்றத்தாழ்வுச் சதவீதத்தின் வர்க்கத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு சதவீதம் ஏறும். 3.5 சதவீத வித்தியாசம் இருந்தால் சூடு சுமார் 25 சதவீதம் கூடும், வைண்டிங்கின் ஆயுள் குறையும். வோல்டேஜ் சமமாகும்படி கப்பாசிட்டரைச் சரிசெய்து தரும் பொறுப்பு விற்பவருடையது என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மோட்டாரின் பெயர்ப்பலகையில் 400 வோல்ட் என்று மட்டும் இருந்தால், வோல்டேஜை ஏற்றும் டிரான்ஸ்பார்மரும் தேவைப்படும். அதன் விலையையும் இழப்பையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.