ரோஸ்மேரி சேர்த்த எண்ணெய்க்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: வீட்டில் மூன்று பேர்தான். சூரியகாந்தி எண்ணெயை ஐந்து லிட்டர் கேனாக வாங்குகிறோம். அடியில் கொஞ்சம் இருக்கும்போது சிக்கு வாடை வந்துவிடுகிறது. ‘ரோஸ்மேரி சாறு சேர்த்தது, செயற்கைப் பொருள் இல்லை’ என்று ஒரு எண்ணெய் அதிக விலைக்குக் கிடைக்கிறது. அதற்கு மாறலாமா?

பதில்: ரோஸ்மேரி வெறும் விளம்பரம் அல்ல. அது ஒரு வாசனைச் செடி. அதன் இலையில் உள்ள கார்னோசிக் அமிலமும் கார்னோசாலும் எண்ணெய் காற்றோடு சேர்ந்து காறிப்போவதை நிஜமாகவே தாமதப்படுத்தும். ஐரோப்பிய ஒன்றியம் 2010-லேயே இதை உணவுச் சேர்பொருளாக ஏற்று, 392 என்ற எண்ணைக் கொடுத்தது. ஆனால் தாமதப்படுத்துவதோடு அதன் வேலை முடிந்தது. காறிய எண்ணெயை எதைச் சேர்த்தும் பழையபடி ஆக்க முடியாது.

உங்கள் சிக்கலுக்குக் காரணம் கேன்தான். சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம். காற்று பட்டால் சீக்கிரம் கெடக்கூடியது அது. எண்ணெய் குறையக் குறைய கேனுக்குள் காற்று நிறைகிறது. அந்தக் கேன் அடுப்புப் பக்கத்திலோ ஜன்னல் வெளிச்சத்திலோ இருந்தால் கேட்கவே வேண்டாம். மூன்று பேருக்கு ஒரு லிட்டர் பாக்கெட் போதும். லிட்டருக்குச் சில ரூபாய் கூடினாலும், கடைசியில் கொட்டும் எண்ணெயைக் கணக்கில் சேர்த்தால் அதுதான் லாபம். முதலில் இதைச் செய்து பாருங்கள். ரோஸ்மேரிக்குத் தனியாகப் பணம் கொடுக்கும் தேவையே வராது என்பது என் கருத்து.

‘செயற்கை இல்லை’ என்ற வரியைப் பார்த்துப் பயந்து மாறவும் வேண்டாம். ரீஃபைண்ட் எண்ணெய் பாக்கெட்டின் பின்பக்கத்தில் ஐஎன்எஸ் 319 (ஐஎன்எஸ் என்பது உணவுச் சேர்பொருள்களுக்கான சர்வதேச எண்) என்று இருந்தால், அது எண்ணெய் காறாமல் இருக்கச் சேர்க்கும் டிபிஹெச்க்யூ என்ற செயற்கைப் பொருள். கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை நம் நாட்டில் அனுமதி உண்டு. அது வேண்டாம் என்று முடிவெடுக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அப்படியானால் முன்பக்கத்தில் இருக்கும் பச்சை இலைப் படத்தை நம்பாதீர்கள். பின்பக்கப் பொருள் பட்டியலில் சேர்பொருளின் பெயரோ எண்ணோ இருக்கிறதா என்று படியுங்கள். அங்கே ரோஸ்மேரியைக் காணோம் என்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

புதிதாகப் பிரித்த பாக்கெட்டிலேயே காறல் அடித்தால் பில்லையும் பேட்ச் எண்ணையும் பத்திரப்படுத்திக்கொண்டு கடையில் மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

கேள்வி: வெண்ணெய் உருக்கும்போது முருங்கை இலை போடுகிறோமே, அதுபோல எண்ணெய் பாட்டிலில் கறிவேப்பிலை போட்டு வைத்தால் கெடாமல் இருக்குமா?

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். நெய்யில் இலை பொரிந்து, சலசலப்பு அடங்கி, ஈரம் முழுக்கப் போன பிறகு வடிகட்டிவிடுகிறோம். பச்சை இலையை அப்படியே எண்ணெயில் ஊற வைத்தால் அதன் ஈரம் உள்ளேயே தங்கும். காற்றில்லாத அந்த ஈரத்தில் போட்டுலினம் என்ற கொடிய நச்சை உண்டாக்கும் கிருமி வளரலாம். பச்சைப் பூண்டுக்கும் இதே எச்சரிக்கைதான். ஆலைகளில் சேர்ப்பது இலையை அல்ல. அதிலிருந்து பிரித்து, வாசனை நீக்கிய சாறை, அதுவும் மிகச் சிறிய அளவில்.

கேள்வி: செக்கு நல்லெண்ணெய்க்கும் இப்படி ஏதாவது சேர்த்தது வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். எள்ளிலேயே செசமின், செசமோலின் என்ற இயற்கைப் பொருள்கள் இருக்கின்றன. சூடுபடும்போது செசமோலினிலிருந்து செசமால் உண்டாகும். எண்ணெய் காறுவதைத் தடுப்பதில் அது கெட்டிக்காரப் பொருள். நல்லெண்ணெய் நெடுநாள் தாங்குவதற்கு இதுவே முக்கியக் காரணம். நீங்கள் கேட்க வேண்டியது ஆட்டிய தேதியையும், வண்டல் நன்றாகத் தெளிந்த பிறகு பாட்டிலில் அடைத்தார்களா என்பதையும்தான்.